தோட்டத்துச் சத்தத்தை விளையாட்டுக்குள் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் பட்டணத்திலும் இருந்துகொண்டு கணினி விளையாட்டுகளுக்கு மோட் செய்கிறவர்களுக்காக, அதாவது விளையாட்டில் தாமே மாற்றம் செய்து சேர்க்கிறவர்களுக்காக எழுதிய பக்கம் இது. பெரட்டுச் சங்கு (விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை வேலைக்குக் கூட்டும் சங்கு), உறுமி, தகரக் கூரையில் விழும் மழை, செம்பனை லோரியின் ஹாரன் போன்றவற்றை விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஆசை மிக நல்ல ஆசை. ஆனால் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் “போட்டேன், கேட்கவில்லை” என்றுதான் முடிகின்றன. பதிவு நன்றாகத்தான் இருக்கும். விளையாட்டு எதிர்பார்க்கும் வடிவில்தான் இருக்காது. அதனால் ஒலியின் வடிவத்தைப் பற்றியே இங்கு அதிகம் பேசுகிறோம்.

கோப்பு, கோப்புறை, கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். தமிழ் எழுத்திலேயே கோப்புக்குப் பெயர் வைத்தால் பெரும்பாலான விளையாட்டுகள் ஏற்காது.

எந்த விளையாட்டில் தொடங்கினால் சுலபம்?

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன். ஒலியை உள்ளே சேர்க்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், மூலக் கோப்புகளைத் தொடாமலே ரிசோர்ஸ் பேக் (நம் கோப்புகளை வைக்கும் தனித் தொகுப்பு) வழியாகச் சேர்த்துவிடலாம், பிழை வந்தால் பதிவேட்டில் காரணத்தோடு எழுதியிருக்கும். கைப்பேசியில் ஆடும் பெட்ராக் எடிஷனின் அமைப்பு வேறு. கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 இன்னும் எளிது, ஆனால் இருக்கிற ஒலியை மாற்ற மட்டுமே உதவும். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் நடுத்தரம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இவை எல்லாவற்றையும் விடக் கடினம். லோரி ஹாரன் ஆசையோடு நேரே அதற்குள் இறங்குகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். முதலில் மைன்கிராஃப்டில் ஓர் ஒலியை முழுதாகச் செய்து முடித்துவிட்டு அங்கே போங்கள்.

என் சொந்த ஒலியைத்தானே சேர்க்கப் போகிறேன்? பழைய ஒலியை ஏன் வெளியே எடுக்க வேண்டும்?

அளவு பார்க்க. மாற்றப் போகும் மூல ஒலியை ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பியில் திறந்து ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மோனோவா (ஒரு தடம்) ஸ்டீரியோவா (இரண்டு தடம்), மாதிரி வீதம் (வினாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது) எத்தனை ஹெர்ட்ஸ், நீளம் எத்தனை வினாடி, சராசரி ஒலி அளவு எத்தனை டெசிபல், தொடக்கத்தில் எவ்வளவு மௌனம். உங்கள் ஒலி இந்த ஐந்திலும் மூலத்தோடு ஒத்துப்போனால் பெரும்பாலும் முதல் முறையே வேலை செய்யும்.

மைன்கிராஃப்டின் ஒலிக்கோப்புகள் எங்கே? கோப்புறையில் தேடினால் மாடு, பன்றி என்று எதுவுமே இல்லையே?

அவை பெயர் மாற்றிச் சேமிக்கப்பட்டுள்ளன. விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து, விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று தட்டுங்கள். புள்ளியில் தொடங்கும் மைன்கிராஃப்ட் கோப்புறையும் அதற்குள் அசெட்ஸ் கோப்புறையும் இருக்கும். அசெட்ஸுக்குள் இரண்டு முக்கிய இடங்கள்: இண்டெக்ஸஸ், ஆப்ஜெக்ட்ஸ். முதலாவது பட்டியல், இரண்டாவது கிடங்கு.

எந்தப் பட்டியலைத் திறப்பது என்று பலருக்குக் குழப்பம் வரும். வெர்ஷன்ஸ் கோப்புறையில் நீங்கள் ஆடும் பதிப்பின் ஜேசான் என்று முடியும் எழுத்துக் கோப்பைத் திறந்து ‘அசெட்இண்டெக்ஸ்’ என்று (இடையில் கோடோ இடைவெளியோ இல்லாமல்) தேடினால், அதன் ஐடி எந்தப் பட்டியல் என்று சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் ‘மாப்/கவ்/சே1’ என்று தேடுங்கள். அதன் எதிரே 40 எழுத்து நீளமுள்ள ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம்) இருக்கும். ஹேஷின் முதல் இரண்டு எழுத்துதான் ஆப்ஜெக்ட்ஸுக்குள் இருக்கும் கோப்புறையின் பெயர். முழு ஹேஷ் கோப்பின் பெயர். அந்தக் கோப்பை வேறோர் இடத்துக்கு நகலெடுத்து, பின்னால் புள்ளி போட்டு ஓஜிஜி என்று சேர்த்தால் மாடு கத்தும்.

நகலெடுக்க மட்டும் செய்யுங்கள். கிடங்குக்குள் இருக்கும் கோப்பையே மாற்றினால் ஹேஷ் பொருந்தாது. விளையாட்டைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் நிரல் அடுத்த முறை சரிபார்க்கும்போது பழையதையே மறுபடி இறக்கிவிடும்.

மற்ற விளையாட்டுகளில் எடுப்பது எப்படி? கோப்பு பேங்க், வெம் என்று வருகிறது. எந்த பிளேயரிலும் திறக்கவில்லை.

விளையாட்டு எந்த ஒலி எஞ்சினைப் பயன்படுத்துகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் வால் பகுதியே காட்டிக்கொடுக்கும். ‘பேங்க்’ என்று முடிந்தால் பெரும்பாலும் எஃப்மோட், ‘பிஎன்கே’ அல்லது ‘வெம்’ என்றால் வைஸ். அன்ரியல் எஞ்சின் விளையாட்டுகளில் எல்லாம் ‘பாக்’ கோப்புக்குள் அடைத்திருக்கும். எஃப்மாடல் கொண்டு திறக்கலாம். யூனிட்டி விளையாட்டுகளுக்கு அசெட்ஸ்டூடியோ பழக்கமான கருவி.

இவற்றைக் கேட்கவும் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) ஆக மாற்றவும் விஜிஎம்ஸ்ட்ரீம் என்ற இலவச நிரல் உண்டு. ஃபூபார்2000 பிளேயரில் துணைக்கூறாகச் சேர்த்தால் சாதாரணப் பாட்டுப் போலவே ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்கலாம், வலது சொடுக்கில் வேவ் ஆக மாற்றலாம்.

வைஸ் கோப்புகளில் பெயருக்குப் பதில் வெறும் எண்கள்தாம் இருக்கும். பெயர்ப் பட்டியல் கிடைக்காத விளையாட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீளத்தால் வரிசைப்படுத்திக்கொண்டால் வேலை பெருமளவு குறையும். காலடி ஓசைகள் அரை வினாடிக்குள் இருக்கும், பின்னணி இசை நிமிடக்கணக்கில் இருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தேடலாம்.

பதிவு செய்யக் கைப்பேசி போதுமா?

போதும், இரண்டு விஷயங்களைக் கவனித்தால். கைப்பேசியோடு வரும் பதிவுச் செயலி பேச்சுக்காக அமைந்தது. சத்தம் குறைந்தால் தானே ஏற்றும், கூடினால் தானே இறக்கும், பின்னணியை அழிக்கும். வேவ் வடிவில் பதிந்து, தானியங்கி ஒலியேற்றத்தை அணைக்க விடும் செயலியைப் போடுங்கள். 48000 அல்லது 44100 ஹெர்ட்ஸ், 16 பிட் போதுமானது. எம்4ஏ ஆகப் பதிந்துவிட்டால் ஆடாசிட்டியில் திறக்க எஃப்எஃப்எம்பெக் தனியாக நிறுவ வேண்டிவரும்.

அளவு காட்டும் கோடு உச்சத்தில் கழித்தல் 12க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். சுழியைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் இடம் வேறு:

உறுமியின் தோல் முகத்துக்கு நேரே கைப்பேசியை வைத்துப் பதியாதீர்கள். இழுப்பும் அடியும் வேறு வேறு தோலில் வருகின்றன. பக்கவாட்டில் 2 முதல் 3 மீட்டர் தள்ளி நின்றால் இரண்டும் கலந்து விழும். குழு முழுதும் வாசிக்கும்போது பதிந்ததிலிருந்து உறுமியை மட்டும் பிரிக்க முயல்வது வீண் வேலை. வாசிக்கிறவரிடம் கேட்டு, தனியாக நாலைந்து இழுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பு விளையாட்டில் திரும்பத் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும்.

பெரட்டுச் சங்கை அருகே நின்று பதிந்தால் உறுத்தும். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலிலிருந்து எப்படிக் கேட்குமோ அந்தத் தொலைவில் நின்று பதியுங்கள். மரங்களில் பட்டு வரும் எதிரொலியோடு சேர்ந்ததுதான் அந்தச் சங்கு.

தகரக் கூரை மழையை வீட்டுக்குள்ளிருந்து பதிய வேண்டும். கைப்பேசியை மேசைமேல் நேராக வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேசையின் அதிர்வு ஏறாது.

செம்பனைக் குலை தரையில் விழும் சத்தம் ஒரு வினாடிகூட இல்லை. பாதுகாப்பான தூரத்தில் நில்லுங்கள். வெட்டு நடக்கும் மரத்தடிக்குப் போகவே கூடாது. குலையோடு மட்டையும் விழும், கத்தி கட்டிய நீளக் கம்பும் மேலே ஆடிக்கொண்டிருக்கும். வெட்டி அடுக்கிய குலை ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து மண்ணில் போடச் சொல்லிப் பதிந்தாலே போதும். ஒலி அளவைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் சத்தம் மிக மெல்லியது. உளியிலிருந்து ஒரு சாண் தூரம். விடிவதற்கு முன் காற்றில்லாத நேரமே இதற்கு வாய்க்கும். பட்டணத்துக்கு அருகில் என்றால் முதலாம் கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சலும் ரயிலும் அடியில் கிடக்கும். வெறுங்காதுக்குத் தெரியாதது ஹெட்போனில் தெரியும். பதிந்த இடத்திலேயே ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எந்தப் பதிவாக இருந்தாலும், அதே இடத்தில் யாரும் பேசாமல் 10 வினாடி வெறும் சூழலை மட்டும் பதிந்துவையுங்கள். இரைச்சல் குறைக்க அது தேவைப்படும்.

சில்வண்டு சத்தம் எல்லாப் பதிவிலும் விழுகிறது. எப்படி அழிப்பது?

ஆடாசிட்டியில் அந்த 10 வினாடிச் சூழலைத் தேர்ந்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போய் மாதிரியை எடுத்து, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து 6 டெசிபல் குறையுங்கள். போதாவிட்டால் 12 வரை போகலாம். அதற்கு மேல் போனால் தண்ணீருக்கடியில் பேசுவது போன்ற குமிழ்ச் சத்தம் வந்துவிடும். உறுமி, சலங்கை, உளி ஆகியவற்றின் கூர்மை இருப்பதும் சில்வண்டு இருக்கும் அதே உயர்ந்த பகுதியில்தான். ஒன்றை அழித்தால் மற்றதும் மங்கும்.

காட்சி தோட்டத்தில் நடக்கிறது என்றால் கொஞ்சம் சில்வண்டு இருந்துவிட்டுப் போகட்டும். அந்தி நேரத்துத் தோட்டத்துக்கு வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை.

ஆடாசிட்டியில் என்னென்ன செய்ய வேண்டும்? வரிசை முக்கியமா?

முக்கியம்தான். முதலில் முன்பின் மௌனத்தை வெட்டுங்கள். அடி, விழுதல் போன்ற தாக்கொலியாக இருந்தால், ஒலி எழும் இடத்துக்கு 5 மில்லிவினாடி முன்பு வெட்டுவது சரி. 50 மில்லிவினாடி விட்டால் அடி விழுந்த பிறகு சத்தம் வருவது கண்ணுக்கே தெரியும். வெட்டும் இடத்தில் இசட் விசையை அழுத்தினால் தேர்வு அலையின் சுழிப் புள்ளிக்கு நகரும், ‘டிக்’ வராது. அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி வைத்துக் காற்றின் உறுமலையும் கைப்பிடி அதிர்வையும் நீக்குங்கள். லோரி எஞ்சினுக்கு மட்டும் இதை 40க்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் அதன் கனம் போய்விடும்.

பிறகு இரைச்சல் குறைப்பு. அதன்பின் மோனோவாக மாற்றம். கடைசியாக ஒலி அளவு. உச்சம் கழித்தல் 1 டெசிபல் என்று எல்லாக் கோப்பையும் சமமாக்கிவிடாதீர்கள். குலை விழும் ஒலிக்கும் மழைக்கும் உச்சம் ஒன்றாக இருந்தாலும், மழைதான் பன்மடங்கு உரத்துக் கேட்கும், ஏனென்றால் அதன் சராசரி அளவு மிகக் கூடியது. மூல ஒலியின் சராசரியை அளந்து குறித்திருப்பீர்கள் அல்லவா? அதற்குச் சமமாக்குங்கள்.

ஏற்றுமதிக்கு முன் பாடல் பெயர், கலைஞர் பெயர் கேட்கும் பெட்டியைக் காலியாக விடுங்கள். சில பழைய எஞ்சின்கள் அந்தத் தகவலில் தடுக்கி விழும்.

மழை, சில்வண்டு, எஞ்சின் போன்ற தொடர் ஒலிகள் திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு கேட்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது எம்பி3. அந்த வடிவில் குறிமுறையாக்கும்போதும் திரும்பப் பிரிக்கும்போதும் முன்னால் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. லேம் என்ற எம்பி3 குறிமுறையாக்கி கொண்டு செய்தால் சுமார் 1105 மாதிரிகள், அதாவது 44100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 25 மில்லிவினாடி. எம்பி3யை வேவ் ஆக மாற்றினாலும் அந்த மௌனம் கூடவே வரும். தொடர் ஒலியின் பாதையில் எங்குமே எம்பி3 இருக்கக் கூடாது.

இரண்டாவது, தொடக்கமும் முடிவும் அலையில் பொருந்தாதது. 30 வினாடி மழையை எடுத்து, கடைசி 2 வினாடியை வெட்டித் தொடக்கத்தின்மேல் வைத்து, ஒன்று மங்க ஒன்று எழும்படி கலந்துவிடுங்கள். 28 வினாடி வளையம் கிடைக்கும், மூட்டு தெரியாது. கலந்த பிறகு இறுதியில் மங்கலாக்கினால் செய்த வேலை கெட்டுவிடும்.

மூன்றாவது காரணம் வளையத்துக்குள் தனித்துத் தெரியும் ஒன்று: ஒரு நாய்க் குரைப்பு, ஒரு மோட்டார் சைக்கிள். 28 வினாடிக்கு ஒரு முறை அதே நாய் குரைத்தால் ஆடுகிறவர் இரண்டாம் சுற்றிலேயே கவனித்துவிடுவார். அதை வெட்டி எடுத்துத் தனிக் கோப்பாக வைத்து, எப்போதாவது ஒலிக்கச் செய்யுங்கள்.

மைன்கிராஃப்டில் ஒலியைச் சேர்க்கும் படிகள்?

பழையதை மாற்றுவது ஒரு வழி, புதிதாகச் சேர்ப்பது இன்னொன்று.

இரண்டுக்கும் முதலில் ரிசோர்ஸ் பேக் வேண்டும். ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் பேக்.எம்சிமெட்டா என்ற கோப்பு வையுங்கள். அதில் பேக்_ஃபார்மட் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்: 1.16.5க்கு 6, 1.20.1க்கு 15, 1.21க்கு 34. எண் தவறானால் பொருந்தாத பேக் என்று சிவப்பில் எச்சரிக்கும். ஒலி மட்டுமே உள்ள பேக் என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு ஓடும்.

மாற்றுவது மிகச் சுலபம். பேக்குக்குள் அசெட்ஸ்/மைன்கிராஃப்ட்/சவுண்ட்ஸ் என்று கோப்புறைகள் அமைத்து, மூலத்தின் அதே பாதையில், அதே பெயரில் உங்கள் ஓக் கோப்பை (ஓஜிஜி என்று முடிவது) வைத்தால் முடிந்தது. 1.20.1இல் மாட்டுக்கு சே1 முதல் சே4 வரை நாலு கோப்புகள். நாலையும் மாற்றாவிட்டால் பழைய குரலும் இடையிடையே வரும்.

புதிதாகச் சேர்க்க, உங்களுக்கென்று ஒரு பெயர்வெளி (உங்கள் ஒலிகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் முன்பெயர்) வேண்டும். ‘தோட்டம்’ என்று வைப்போம். அசெட்ஸ்/தோட்டம் கோப்புறைக்குள் சவுண்ட்ஸ்.ஜேசான் கோப்பும், சவுண்ட்ஸ் கோப்புறைக்குள் சங்கு.ஓஜிஜி கோப்பும் வையுங்கள். ஜேசானில் ‘சங்கு’ என்ற நிகழ்வைத் திறந்து, அதன் சவுண்ட்ஸ் பட்டியலில் ‘தோட்டம்:சங்கு’ என்று எழுத வேண்டும். வெறுமனே ‘சங்கு’ என்று எழுதினால் விளையாட்டு அதை மைன்கிராஃப்ட் பெயர்வெளியில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். நம்மிடம் வருகிற பேக்குகளில் அடிக்கடி காணும் பிழை இதுதான். ஓஜிஜி என்ற வாலையும் இங்கே எழுதக் கூடாது.

உறுமிக்கு ஐந்து இழுப்பு வைத்திருந்தால் ஐந்தையும் ஒரே நிகழ்வின் பட்டியலில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும். ‘வெயிட்’ எண் கொடுத்து ஒன்றை அதிகமாகவும் இன்னொன்றை அரிதாகவும் வரச் செய்யலாம். நீண்ட மழைக்கோ முழு மேளத்துக்கோ ‘ஸ்ட்ரீம்’ மதிப்பை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் கோப்பு முழுவதும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏறும். அந்த நொடியில் ஆட்டம் தடுமாறும்.

ஆட்டத்துக்குள் எஃப்3யும் டியும் சேர்த்து அழுத்தினால் பேக் மறுபடி ஏறும். விளையாட்டை மூடித் திறக்க வேண்டாம். ஏமாற்றுக் கட்டளைகள் அனுமதித்த உலகில் இப்படித் தட்டிச் சோதியுங்கள்:

/பிளேசவுண்ட் தோட்டம்:சங்கு மாஸ்டர் @ஏ ~ ~ ~ 4

கடைசியில் உள்ள 4 ஒலி அளவு. 1க்கு மேல் போனால் சத்தம் கூடாது, கேட்கும் தூரம்தான் கூடும். இயல்பாக 16 கட்டம். 4 என்றால் 64 கட்டம் வரை கேட்கும். பெரட்டுச் சங்குக்கு இது பொருத்தம். விடியற்காலை 5 மணிக்கு ஊத வேண்டுமென்றால் ஆட்டத்தின் நேரக் கணக்கில் அது 23000. அங்கே ஒரு மணி நேரம் நம் 50 வினாடிக்குள் ஓடிவிடுவதால் சங்கை 6, 7 வினாடிக்குள் முடிப்பது நல்லது.

எல்லாம் செய்தேன். சத்தமே வரவில்லை.

இந்த வரிசையில் பாருங்கள். விண்டோஸில் கோப்பு வால்களைக் காட்டச் சொல்லுங்கள், சங்கு.ஓஜிஜி.ஓஜிஜி என்றோ சவுண்ட்ஸ்.ஜேசான்.டிஎக்ஸ்டி என்றோ இருக்கும் வாய்ப்பு அதிகம். பெயரில் பெரிய எழுத்தோ இடைவெளியோ இருந்தால் நீக்குங்கள். எம்பி3 கோப்பின் வாலை மட்டும் மாற்றியிருந்தால் அது இன்னும் எம்பி3தான். ஆடாசிட்டியில் திறந்து முறையாக ஏற்றுமதி செய்யுங்கள். ஓக் உறைக்குள் ஓபஸ் குறிமுறை இருந்தாலும் கேட்காது, வோர்பிஸ்தான் வேண்டும். இணையத்தளங்களில் மாற்றித் தரும் கருவிகள் சில நேரம் ஓபஸைக் கொடுத்துவிடும்.

ஜேசானில் கடைசி உருப்படிக்குப் பின் காற்புள்ளி இருக்கக் கூடாது. கைப்பேசியில் தட்டி அனுப்பிய உரையில் மேற்கோள் குறி வளைந்திருக்கும், நேர்க்குறிதான் செல்லும். லாக்ஸ் கோப்புறையில் லேட்டஸ்ட் பதிவேட்டைத் திறந்து ‘தோட்டம்’ என்று தேடினால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பாதையோடு எழுதியிருக்கும். கடைசியாக, ஒலி அமைப்பில் அந்த வகையின் அளவு சுழியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்கிறது, ஆனால் எங்கே நின்றாலும் ஒரே அளவு. கோயிலை விட்டு வெகுதூரம் போனாலும் மணி காதருகே அடிக்கிறது.

கோப்பு ஸ்டீரியோவாக இருக்கிறது. இரண்டு தடம் உள்ள ஒலியை எஞ்சின் ஓர் இடத்தில் நிறுத்தாது, இசையைப் போல நேரே காதுக்கு அனுப்பிவிடும். மோனோவாக்கினால் தீர்ந்தது. பின்னணி இசைக்கும் முழுச் சூழல் மழைக்கும் மட்டும் ஸ்டீரியோ வையுங்கள்.

சத்தம் இழுபட்டு, கனத்துக் கேட்கிறது.

மாதிரி வீதம் பொருந்தவில்லை. 48000இல் பதிந்ததை எஞ்சின் 44100 என்று எண்ணி ஒலித்தால் சுமார் 8 விழுக்காடு மெதுவாகும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஓக் கோப்பில் இது அரிது. மூட்டையாகக் கட்டும் விளையாட்டுகளில், குறிப்பாக சான் ஆண்ட்ரியாஸில் அடிக்கடி வரும். ஆடாசிட்டியில் ‘ரீசாம்பிள்’ செய்ய வேண்டும். தடத்தின் வீத எண்ணை மட்டும் மாற்றினால் அதே கோளாறை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6இல் ரேடியோ குரலைத் தமிழில் போடலாமா?

போடலாம். சிஸ்ட்ரைக் கோப்புறைக்குள் சவுண்ட், அதற்குள் ரேடியோ. எல்லாம் திறந்த வேவ் கோப்புகள். 16 பிட் அல்லது 8 பிட் பிசிஎம், மோனோ, 22050 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் பிரச்சினையில்லை. ஸ்டீரியோவை அந்த எஞ்சின் ஏற்காது. தொடர் ஒலியாக வேண்டுமென்றால் கோப்புக்குள் கியூ புள்ளி இருக்க வேண்டும்; வேவோசோர் போன்ற தொகுப்பியில் வளையப் புள்ளி வைத்துச் சேமியுங்கள். எதிராளியின் காலடியை உரக்கக் கேட்கும்படி வைத்துக்கொண்டு மற்றவர்களோடு ஆடுவது ஏமாற்று. அதைச் செய்ய வேண்டாம்.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்?

ஆடியோ கோப்புறையில் நமக்கு வேண்டியவை எஸ்எஃப்எக்ஸ், ஸ்ட்ரீம்ஸ் என்று இரண்டு. வண்டி, துப்பாக்கி ஒலிகள் ஜென்ரல் மூட்டையிலும் காலடி ஃபீட்டிலும் தெருவில் நடப்பவர் பேச்சு எஸ்பிசி எனத் தொடங்குபவற்றிலும் இருக்கின்றன. எஸ்எஃப்எக்ஸ் அனைத்தும் 16 பிட் மோனோ. ஸ்ட்ரீம்ஸில் வானொலிப் பாட்டுகள், மறைகுறியிட்ட ஓக் கோப்புகளாக. பிரிக்கவும் கட்டவும் சாட் என்ற கருவித்தொகுப்பு இருக்கிறது.

இங்கே நீளம்தான் எதிரி. ஒவ்வொரு மூட்டைக்கும் நினைவகத்தில் ஒதுக்கிய இடம் அளவானது. அரை வினாடி ஹாரனுக்குப் பதில் 6 வினாடி ஹாரன் வைத்தால் இடம் வழிந்து ஆட்டம் விழும். கணக்குப் போட எளிது: 44100 ஹெர்ட்ஸ் 16 பிட் மோனோ ஒரு வினாடிக்கு 88,200 பைட். மூலத்தின் பைட் அளவைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மாதிரி வீதத்தைக் குறைத்து உள்ளே அடக்குங்கள். கட்டுவதற்கு முன் ஆடியோ கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். மோட் லோடர் வழியாகப் போட்டால் மூலக் கோப்புகளைத் தொடவே வேண்டாம்.

யூரோ டிரக்கில் செம்பனை லோரியின் ஹாரன் வைக்க வேண்டும்.

2020இல் வந்த 1.37 பதிப்பிலிருந்து இந்த விளையாட்டு எஃப்மோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய வழிகாட்டிகள் சொல்வது போல வேவ் கோப்பைப் போட்டால் நடக்காது. எஃப்மோட் ஸ்டூடியோவை இறக்குங்கள். எஸ்சிஎஸ் நிறுவனத்தின் மோடிங் விக்கியில் மாதிரித் திட்டம் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குங்கள். வெற்றுத் திட்டத்தில் தொடங்கினால் ஒலி செல்லும் வழிகள் விளையாட்டோடு இணையாது. ஏறும், ஆனால் ஊமையாக இருக்கும். ஸ்டூடியோவின் பதிப்பும் விக்கி சொல்லும் பதிப்பாகவே இருக்க வேண்டும். அதைவிடப் புதியதில் கட்டிய பேங்கை விளையாட்டு திறக்காது.

ஹாரன் ஒலியை மூன்று பகுதியாக எண்ணுங்கள்: காற்று ஏறும் தொடக்கம், நிலையான நடு, அடங்கும் முடிவு. பதியும்போது ஓட்டுநரை 4 வினாடி விடாமல் அழுத்தச் சொல்லுங்கள். நடுப் பகுதியில் ஒரு வளையம் வைத்து, விரல் எடுத்ததும் 100 முதல் 200 மில்லிவினாடிக்குள் அடங்கும்படி ரிலீஸ் கொடுங்கள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று அறுபடும்.

ஓட்டுநர் அறைக்குள்ளும் வெளியேயும் தனித்தனி ஒலி வரையறை உண்டு. உள்ளே கேட்பதற்கு உயர்ந்த பகுதிகளைக் கொஞ்சம் மழுக்குங்கள். கட்டி முடித்த பேங்க் கோப்போடு, நிகழ்வுகளின் அடையாள எண்கள் உள்ள கைட்ஸ் கோப்பையும் மோடில் வையுங்கள். மாஸ்டர் பேங்க்கைச் சேர்க்காதீர்கள். பிழை எதுவானாலும் ஆவணக் கோப்புறையில் இருக்கும் கேம் பதிவேட்டில் விழும்.

சோதிக்கும்போது சத்தம் தாமதமாக வருகிறது. கோப்பில் மௌனமே இல்லை.

புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் கணினி இல்லை. சைபர் கபேயில் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பல கடைகளில் கணினியை மறுபடி போட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் இருக்கும். செய்த வேலை எல்லாம் போய்விடும். ஆடாசிட்டியை பென்டிரைவில் வைத்து ஓட்டுங்கள், திட்டத்தையும் அதிலேயே சேமியுங்கள். மாலையில் இடி மழை கட்டினால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படிக்குப் பின்னும் சேமியுங்கள்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எதைப் பகிரலாம்?

தோட்டம் தனியார் நிலம். பதிய நிர்வாகியிடம் கேளுங்கள். கோயிலில் ஆலய நிர்வாகத்திடமும், உறுமிக் குழுவில் தலைவரிடமும் கேளுங்கள், எந்த விளையாட்டில் எதற்காக என்று சொல்லியே கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள். குழுவின் பெயரை மோடின் விவரப் பக்கத்தில் போடுவது அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை. அவர்கள் வாசித்தது சினிமாப் பாட்டாக இருந்தால் அவர்களின் சம்மதம் மட்டும் போதாது. பாட்டின் உரிமை வேறொருவருடையது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பையும் ஒலிப்பதிவையும் தனித்தனியே பாதுகாக்கிறது.

விளையாட்டிலிருந்து பிரித்தெடுத்த ஒலிகளை மோடோடு சேர்த்துப் பகிராதீர்கள். அளவு பார்க்கவும் உங்கள் கணினியில் ஒப்பிட்டுக் கேட்கவும் மட்டுமே அவை.

பகிரும் தொகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

மோட் கோப்பு, எந்தப் பதிப்பில் சோதித்தது என்ற குறிப்பு, நீக்கும் முறை, பதிவு எங்கே யாரிடம் எடுத்தது, அவர்கள் தந்த அனுமதியின் அளவு. மைன்கிராஃப்ட் பேக்கைச் சுருக்கும்போது வெளிக் கோப்புறையைச் சுருக்காமல், உள்ளே போய் அசெட்ஸையும் பேக்.எம்சிமெட்டாவையும் தேர்ந்து ஸிப் செய்யுங்கள். ஒரு கோப்புறை கூடுதலாக இருந்தால் விளையாட்டின் பட்டியலில் பேக் தெரியவே தெரியாது. மூல வேவ் பதிவுகளைத் தனியாக உங்களிடமே வைத்திருங்கள். அடுத்த விளையாட்டுக்கு வேறு வீதம், வேறு நீளம் தேவைப்படும்போது ஓக் கோப்பிலிருந்து மறுபடி மாற்றினால் தரம் ஒவ்வொரு முறையும் குறையும்.